டியூ

ஆள்காட்டி விரலைக் குத்துவதில்லை,
அது ஸ்ட்ரைக்கர் விரல்.
மோதிர விரல், சுண்டு விரல்,
எட்டு வருஷமாய் மாற்றி மாற்றி.
தோல் தடித்துப்போய்
ஊசியே இப்போது கொஞ்சம் யோசிக்கிறது.

கொருக்குப்பேட்டையில்
குழாயடிக்குக் குடங்கள் போய்ச் சேருமுன்
ஸ்ட்ரிப் சொருகி ஐந்து வரை எண்ணுவேன்.
இன்று முன்னூற்றுப் பன்னிரண்டு.

வேறு யாரும் திட்டுவதற்குள்
நானே திட்டிவிட வேண்டும், அது என் வழக்கம்.
நேற்று நஸ்ரினின் அக்கா கல்யாணம்.
பிரியாணி ஒரு பிளேட்,
பிரெட் அல்வா இரண்டு ஸ்பூன்.
இரண்டில்லை, நாலு.
பார், எண்ணிக்கையிலும் பொய்.
நாக்கை அடக்க வக்கில்லாத கழுதை.
காசிமேட்டு ஐஸில் மரத்த விரலால்
அம்மா இறால் உரித்த காசு
உன் தொடையில் போய்க் கரைகிறது.
இப்படிப் பேச எனக்குள் ஒருத்தி,
குழாயடிச் சண்டையில்
கப்பு வாங்கக்கூடியவள்.
ஞாயிற்றுக்கிழமைகூட அவளுக்கு லீவில்லை.

அந்த டிசம்பர் வெள்ளத்தில்
மூன்று நாள் கரண்ட் இல்லை.
மண்சட்டிக்குள் சட்டி, நடுவில் ஈரமணல்,
அதில் மருந்துக் குப்பியைப் படுக்கவைத்தேன்.
ராத்திரி எழுந்து எழுந்து தொட்டுப் பார்த்து
சூடாகிடாதே கண்ணு என்றேன்.
மருந்திடம் அப்படிப் பேசத் தெரிந்திருக்கிறது.

மதியம் சோற்றுக்கு முன்
கணக்குக்கு மேலே இரண்டு யூனிட் போட்டேன்.
மருந்தாக இல்லை. அடியாக.

மூன்றரைக்கு கிளப்பில் செமி ஃபைனல்.
கடைசி போர்டு.
எங்களுக்கு மிச்சம் ஒரு காயின், அதுவும் பாக்கெட்டின் வாயில்.
பத்து வயசுப் பையன்கூடப் போடுவான்.
நஸ்ரின் அடித்தாள்,
காயின் நின்றது, ஸ்ட்ரைக்கர் விழுந்தது.
அவள் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.
"டியூதானே மச்சி, வை ஒண்ணு.
ஆட்டம் இன்னும் கீது" என்றேன்.
யோசித்துச் சொல்லவில்லை,
தானாக வந்தது.
பிறகு நாங்கள் தோற்றோம், அது வேறு விஷயம்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக்கிடந்தது.
கூட்ஸ் வண்டி, கன்டெய்னர் மேல் கன்டெய்னர்.
முதலில் உதடு மரத்தது.
பிறகு முழங்கால், பிறகு வேர்வை,
பிறகு எல்லா ஆரன் சத்தமும்
தண்ணீருக்கடியில் போனது.
ஐம்பத்தி நாலு.

நஸ்ரின் என் பையைக் கவிழ்த்தாள்.
வெள்ளைப் பொடி இரண்டு டப்பா,
ஒன்று போரிக் பவுடர், ஒன்று குளுக்கோஸ்.
"மாத்திக் குட்த்தேன்னு வை,
போர்டு கணக்கா வழுக்கிக்கினு போவ"
என்று சிரித்துக்கொண்டே
மூன்று முறை முகர்ந்து பார்த்துக் கரைத்தாள்.
அவள் கை நடுங்கியது, என் கையைவிட.

குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம்
சும்மா இருக்க வேண்டும்.
ஆட்டோக்காரர் கேட்டைத் திட்டினார்,
பால் வண்டிக்காரர் ரயிலைத் திட்டினார்.
கேட் தன் நேரத்துக்குத்தான் திறக்கும்.
நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து
போகிற பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தொன்றில் விட்டுப்போனது.
எனக்குள் இருப்பவள் வந்தாள்,
வாயைத் திறந்தாள்.
மச்சி, என்றேன்.
அந்த வார்த்தையில் அவளை யாரும் கூப்பிட்டதில்லைபோல.
குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
பேசாமல் நின்றாள் கொஞ்ச நேரம்.

எண்பத்தொன்பது.
கேட் இன்னும் திறக்கவில்லை.

மறுநாள் காலை இருநூற்று நாற்பது.
அவள் திட்டினாள், வழக்கம்போல, பாதி வரை.
டியூ என்றேன்.
எத்தனை யூனிட் என்று
பழைய சீட்டைப் பார்த்தே போட்டேன்.
அப்புறம் சுண்டு விரலை
வாயில் வைத்துக்கொண்டு
வாசலுக்குப் போனேன்,
தண்ணீர் வந்துவிட்டதா பார்க்க.